பிரிண்டரு எங்கயும் போகலைலே

ஏலே பேராண்டி, எதுக்குலே அந்தப் பெட்டியைப் போட்டு இந்தத் தட்டு தட்டுதே? காகிதம் இருக்கு. மை இருக்கு. கரண்டும் இருக்கு. கம்ப்யூட்டர் மட்டும் "ஆஃப்லைன்"ங்குது. நேத்து அடிச்சது இன்னைக்கு எங்கனலே போவும்? மச்சில வச்ச இடத்துலதான உக்காந்திருக்கு?

உன் வைத்தியத்தைத்தான் பாத்துக்கிட்டே இருக்கேனே. ஒருத்தன் யூடியூப்ல சொன்னாம்னு டிரைவரை அழிக்கே. திரும்ப ஏத்துதே. இப்ப லிஸ்ட்டுல பாரு, ஒரே பிரிண்டரு மூணு பேருல நிக்கி. ஒண்ணு சும்மா, ஒண்ணு காப்பி ஒண்ணு, இன்னொண்ணு காப்பி ரெண்டு. இதுல எதுக்கு உசுரு இருக்குன்னு உனக்காவது தெரியுமா? இம்புட்டும் பண்ணிட்டு, "இது சரிப்படாது தாத்தா, புதுசு வாங்கணும்"ங்கே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

நான் டெலிபோன் ஆபீஸ்ல லைன்மேனாக் கம்பம் ஏறினவம்லே. போன் செத்துப்போச்சுன்னு சொன்னா, ஒடனே போனையா மாத்துவோம்? தெருமுனை டி.பி. பெட்டியைத் தொறப்போம். அங்கன கம்பியில நம்ம போனை மாட்டிக் காதுல வைப்போம். டயல் டோன் கேக்கா? அப்ப எக்சேஞ்ச் பக்கம் சுத்தம், கோளாறு வீட்டுப் பக்கம். கேக்கலையா? வீட்டை விடு, மேல போ. பாதி பாதியாக் கழிச்சுக்கிட்டே போனா கோளாறு எங்கன ஒளியும்? உன் வை-ஃபைக்கும் அதே வழக்குத்தான். கம்பி கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான்.

கையில போன் வச்சிருக்கேல்லா? தூங்கும்போதும் வச்சிருக்கே. அதுல இருந்து ஒரு பக்கம் அடிச்சுப் பாரு. வீட்டு வை-ஃபையில இருக்கணும், மொபைல் டேட்டாவுல இல்ல. அடிச்சுதுன்னா பிரிண்டரும் நல்லாருக்கு, ரவுட்டரும் நல்லாருக்கு, கோளாறு கம்ப்யூட்டர்ல. அடிக்கலைன்னா கம்ப்யூட்டரைத் தொடாதே, பிரிண்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவுல பாரு. போன மாசம் ரவுட்டரு பாஸ்வேர்டை மாத்துனியே, வீட்டுல அம்புட்டு பேருக்கும் சொன்னே. பிரிண்டருக்கு யாருலே சொன்னது?

அது சரியா இருந்தும் ஆஃப்லைன்ங்குதா? பிரிண்டருலயே ஒரு பட்டனை அமுக்கிப் பிடிச்சா, தன் வெவரத்தை எல்லாம் ஒரு தாள்ல அடிச்சுத் தள்ளும். அதுல 192.168.1.7-ன்னு என்னமாவது ஒரு நம்பரு கெடக்கும். அதை அப்படியே கம்ப்யூட்டர்ல, குரோம் மேல்கோட்டுல அடி. முக்காவாசி வை-ஃபை பிரிண்டருக்கு சொந்தமா ஒரு பக்கம் உண்டு. தொறந்துச்சுன்னா ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்குன்னு அர்த்தம். பொறவு என்ன கேடு? பிரிண்டர் ப்ராபர்ட்டீஸ்ல போர்ட்ஸ்ங்கிற இடத்தைத் தொறந்து பாரு. அங்கன 192.168.1.4-ன்னு எழுதியிருக்கும். ஆளு 7-ல இருக்கான். நீ 4-ஐத் தட்டிக்கிட்டு நிக்கே.

இந்த நம்பரைக் குடுக்கது யாருன்னு நெனச்சே? உன் ரவுட்டருதான். சீசன் நேரத்துல குத்தாலத்து லாட்ஜ் மேனேஜர் ரூம் போடுத கதைதான். எது காலியோ அது. அதுவும் ஒரு கெடுவுக்குத்தான். நடுவுல கரண்டு போயி ரவுட்டரு அணைஞ்சு எந்திச்சா, பழைய கணக்கை மறந்துட்டு எல்லாருக்கும் வேற ரூம் போட்டாலும் போடும். காப்பி கொண்டுவார பையன் பழைய ரூமைத் தட்டிப் பாத்துட்டு, "ஆள் இல்ல"ன்னு திரும்பிப் போறான். ஆளு அடுத்த ரூம்ல காப்பிக்குக் காத்துக் கெடக்கான். உன் கம்ப்யூட்டர்தாம்லே அந்தப் பையன்.

அப்ப மேனேஜரைப் பாத்து ரூமை எழுதி வாங்கு. ரவுட்டரோட பக்கத்துக்குள்ள போனா அட்ரஸ் ரிசர்வேஷன்னு ஒண்ணு இருக்கும். பிரிண்டரோட மேக் அட்ரஸ், ரெண்டு ரெண்டா ஆறு ஜோடி, அந்தத் தாள்லயே இருக்கு. அதைப் போட்டு, இவனுக்கு என்னைக்கும் இந்த நம்பருதான்னு கட்டிப் போட்டுரு. பொறவு கம்ப்யூட்டர்ல ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்டுன்னு ஒண்ணு சேத்து, அதே நம்பரைக் குடு. டபிள்யூ.எஸ்.டி.ன்னு தானா வந்து ஒட்டியிருக்க போர்ட்டை மட்டும் நம்பாதே. அது நெட்வொர்க்குல "பிரிண்டரே, இருக்கியா"ன்னு கூவிப் பாக்குத ரகம். அசந்து தூங்குத பிரிண்டரு காதுல விழலைன்னா ஆஃப்லைன்னு எழுதிரும்.

நிறைய வீட்டு பிரிண்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் புடிபடும், 5 தெரியாது. அதுக்காக கம்ப்யூட்டரும் 2.4-க்கு எறங்கணும்னு ஒரு மேதாவி சொல்லுவான். வேண்டாம்லே. ஒரே ரவுட்டருல ஒரே நெட்வொர்க்குல இருந்தாப் போதும். கெஸ்ட் வை-ஃபையில ஒண்ணு நின்னாத்தான் ஒண்ணை ஒண்ணு பாக்காது. ஆபீஸ் லேப்டாப்புல வி.பி.என். போட்டுட்டு வீட்டு பிரிண்டரைத் தேடுதவனும் உண்டு. அது போற பாதையே ஆபீஸ் பாதை, வீடு எங்கன தெரியும்?

இனி ஸ்பூலர். நீ அடிக்கச் சொன்னதை எல்லாம் வரிசையில நிப்பாட்டி வைக்கிறவன். முன்ன ஒண்ணு மாட்டிக்கிட்டா பின்ன உள்ளதெல்லாம் அப்படியே நிக்கும். உன் தங்கச்சி ஹால் டிக்கெட்டுக்குப் பொறுமை இல்லாம நீ எத்தனை தடவை அமுக்குனே? சர்வீசஸ்ல போயி அவனை நிப்பாட்டு, சி டிரைவுல ஸ்பூல் ஃபோல்டருக்குள்ள பிரிண்டர்ஸ்னு இருக்கதைக் காலி பண்ணு, திரும்பக் கெளப்பு. இல்லைன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பெட்டிக்குத் திடீர்னு உசுரு வந்து, தெருவுக்கே ஹால் டிக்கெட் குடுக்கும். அந்த ஸ்பூலரும் ஒண்ணும் உத்தமன் இல்ல. 2021 ஜூலையில அதுல இருந்த பிரிண்ட்நைட்மேர்ங்கிற பெரிய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட்காரன் அவசர அவசரமா ஒட்டுப் போட்டான். ஒட்டுப் போட்ட எடத்துல சில பிரிண்டரு நின்னு போச்சு.

எல்லாம் சரி. நான் ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதே. கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் நடுவுல என்ன தூரம்? ஒரு முழம். ரவுட்டரு எங்கன இருக்கு? கீழ தார்சாவுல. அப்ப ஒரு முழம் தள்ளி இருக்கவனுக்குச் சேதி சொல்ல, அது கான்கிரீட் தளத்தைத் தொளைச்சுக் கீழ எறங்கி, ரவுட்டரைப் பாத்துட்டு, திரும்ப மச்சி ஏறி வருது. இதுக்கு மாடர்ன்னு பேரு. பின்னால சதுரமா ஒரு ஓட்டை இருக்கு பாத்தியா? யு.எஸ்.பி. வயருக்குலே அது. அஞ்சு மீட்டரைத் தாண்டாம ஒண்ணு வாங்கிச் சொருகுனா நம்பரும் வேண்டாம், மேனேஜரும் வேண்டாம். "வயரு தொங்குனா அசிங்கமா இருக்கும் தாத்தா"ங்கே. வாரவன் போறவன் எல்லாம் உன் பிரிண்டரு முதுகையா பாக்கான்?

தங்கச்சி போன்ல இருந்து அடிக்கணுமா? வை-ஃபையும் இருந்துட்டுப் போகட்டும். ஆனா சில பிரிண்டரு வயரைச் சொருகுனா வை-ஃபையை விட்டுரும், சிலது ரெண்டையும் வச்சுக்கிடும். உன்னுது எந்த ரகம்னு, அதுகூட வந்த பெரிய தாள்ல போட்டிருக்கும். அதைத் தேடுதியா? தேடாதே. போன தீவாளிக்கு முறுக்கு எண்ணெய் வடியட்டும்னு உங்க ஆச்சி சொளவுல விரிச்சது அதைத்தான். முறுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.