கலங்கரை விளக்க வீட்டு ஓடுகாலி

ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தாத்தா, நடுக்கடலில் பெல் ராக் பாறைமேல் கலங்கரை விளக்கம் எழுப்பியவர். அப்பாவுக்கும் பெரியப்பாமாருக்கும் அதே தொழில். வைத்த இடத்தில் நிற்கிற சாமான்களையே கட்டிவந்த அந்த எடின்பரோ குடும்பத்தில், 1850இல் ஓரிடத்தில் நிற்காத பிள்ளை ஒன்று பிறந்தது.

இன்ஜினீயரிங் வேண்டாம் என்றார். சட்டமாவது படித்துத் தொலை என்றார் அப்பா. 1875இல் வக்கீலானார், தொழில் நடத்தவில்லை. வீட்டுப் பணமும் இருமலும் விடாமல் வந்துகொண்டிருந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு பிரான்சுக்குப் போனார்.

1878இல் செவென் மலைகளில் நடைப்பயணம். படுக்க ஒரு பை செய்துகொண்டார். அதைச் சுமக்க ஆள் வேண்டுமே? 65 பிராங்கும் ஒரு கிளாஸ் பிராந்தியும் கொடுத்து மொடஸ்டின் என்ற கழுதையை வாங்கினார். அவள் நகர்ந்தால்தானே! விடுதிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டுத் தார்க்குச்சி செய்து கொடுத்த பிறகே பயணம் பயணமானது. பன்னிரண்டு நாள் குத்திக் குத்தி ஓட்டிவிட்டு 35 பிராங்குக்கு விற்றார், விற்றுவிட்டு அழுதார். மறு வருடமே அவளைப் பற்றிப் புத்தகமும் போட்டார். ராயல்டியில் மொடஸ்டினுக்குப் பங்கில்லை.

பிரான்சில் பழக்கமான ஃபேனி ஆஸ்போர்ன் பத்து வயது மூத்தவர். கணவரும் பிள்ளைகளும் உள்ளவர். அவர் கலிபோர்னியா திரும்பியதும், 1879இல் நம்மவர் வீட்டில் சொல்லாமல் கப்பலேறினார். போய்ச் சேர்ந்தபோது உயிர் மட்டும்தான் பாக்கி. ஃபேனிக்கு விவாகரத்தாகி மறு வருடம் கல்யாணம். தேனிலவு, கைவிட்ட வெள்ளிச் சுரங்கத்தின் பாழடைந்த கொட்டகையில். அதற்கும் ஒரு புத்தகம்!

1881இல் ஸ்காட்லாந்தில் அடைமழை. மனைவியின் மகன் லாயிடோடு பொழுதுபோக்காகத் தீவுப் படம் வரைந்ததில் பிறந்ததுதான் 'புதையல் தீவு'. இதில் வேடிக்கை அப்பாதான். பிள்ளை உருப்பட மாட்டான் என்று கவலைப்பட்ட அந்த இன்ஜினீயர், கதையில் வரும் கடற்கொள்ளைக்காரனின் பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்று உட்கார்ந்து பட்டியல் போட்டுக் கொடுத்தார்.

கடைசியாக 1890இல் பசிபிக் தீவான சமோவாவில் முந்நூறு ஏக்கருக்கு மேல் வாங்கிக் குடியேறினார். நுரையீரலுக்குப் பயந்தே உலகம் சுற்றியவர், 1894இல், 44 வயதில், மூளை ரத்தக்கசிவில் போனார்.

சொத்தில் ஒன்றை மட்டும் 1891லேயே தானம் செய்துவிட்டிருந்தார். அமெரிக்க அதிகாரி ஒருவரின் மகள் கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவள். தனக்கென்று ஒரு பிறந்தநாள் இல்லையே என்று அவளுக்குக் குறை. தன்னுடைய நவம்பர் 13ஐ முறைப்படி பத்திரம் எழுதி, சாட்சிக் கையெழுத்தோடு அவளுக்குக் கொடுத்தார். வக்கீலுக்குப் படித்தவர் சும்மா விடுவாரா? பத்திரத்தில் போட்ட நிபந்தனைகளை அவள் மீறினால் அந்தப் பிறந்தநாள் அப்போதைய அமெரிக்க ஜனாதிபதிக்குப் போய்ச் சேரும் என்று ஒரு ஷரத்தும் சேர்த்திருந்தார்.