கோப்புக் களவியல்

ஒரே கூரையின் கீழ் வாழும் இரு கணினிகள் கோப்புகளைக் கொடுத்து வாங்குவதற்குத் தமிழில் இலக்கணம் இல்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். இருக்கிறது. அகப்பொருள் நூல்களை அந்தக் கண்ணோடு யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

தலைவன், எங்கள் வீட்டுக் கூடத்து மேசைக் கணினி. தலைவி, மகளின் புது மடிக்கணினி. இடைவெளி நான்கு அடி. கைம்மாற வேண்டிய பொருள், மூத்தவளின் கல்யாணப் படங்களும் வீடியோக்களுமாக 62 ஜிபி.

முதலில் தூது. தூது விடத்தக்கவை என்று பாட்டியல் மரபு அன்னம், மயில், கிளி, மேகம் என 10 பொருள்களைச் சொல்லும். பென்டிரைவ் அதில் இல்லை. புறாவும் இல்லை என்பது பெரிய விடுபாடு. 2009இல் தென்னாப்பிரிக்காவில் வின்ஸ்டன் என்ற புறா, காலில் 4 ஜிபி மெமரி கார்டுடன் டர்பன் அருகே பறந்து போய்ச் சேர்ந்தது. கார்டில் இருந்ததைக் கணினியில் ஏற்றியும் முடித்துவிட்டார்கள். அந்நேரம் வரை இணைய வழியே அதே சரக்கில் 4 சதவீதம்தான் போயிருந்தது. பென்டிரைவுக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது. 32 ஜிபி பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 என்ற பழைய அமைப்பில் வருகின்றன. அதில் தனிக்கோப்பு ஒன்று 4 ஜிபிக்கு ஒரு பைட்டாவது குறைவாக இருந்தாக வேண்டும். எங்கள் வரவேற்பு வீடியோ 5.3 ஜிபி. பென்டிரைவில் பாதிக்கு மேல் காலி. ஆனாலும் கோப்பு பெரிது என்று திருப்பி அனுப்பிவிட்டது.

அடுத்தது பொருள்வயிற் பிரிவு, அதாவது கிளவுட். பொருளைத் தொலைதேசம் அனுப்பி, திரும்பி வரும்வரை ஆற்றியிருத்தல். எங்கள் இணைப்பு ஏற்றும் வேகம் நொடிக்கு 40 மெகாபிட். பைட்டில் சொன்னால் 5 மெகாபைட். எட்டால் வகுக்கும் வேலையை விளம்பரங்கள் நம்மிடமே விட்டுவிடுகின்றன. ஏற மூன்றரை மணி, அதே வேகத்தில் இறங்க இன்னொரு மூன்றரை மணி. நான்கு அடிக்கு ஏழு மணி நேரம். கார்காலம் வந்துவிடும்.

பாங்கியிற் கூட்டத்தில் ரவுட்டர் தோழி. வைஃபையில் தலைவன் சொன்னதைத் தோழி கேட்டு, அதே காற்றில் மறுபடி தலைவிக்குச் சொல்ல வேண்டும். ஒரு சேதிக்கு இரண்டு ஒலிபரப்பு. ஆகவே வேகம் பாதி. தோழிக்கு வேறு வேலைகளும் உண்டு, குறிப்பாக இரவு எட்டு மணிக்கு.

எஞ்சியது இயற்கைப் புணர்ச்சி: இடையில் யாருமின்றி ஒரே ஒரு லேன் கேபிள். (பழைய ஏ-வகை யுஎஸ்பி கேபிளின் இரு முனைகளையும் இரு கணினிகளில் செருகிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். யுஎஸ்பியில் ஒருவர்தான் எசமானர். இரண்டும் எசமானர் என்றால் ஓர் உறையில் இரு வாள். இரண்டு பக்கமும் 5 வோல்ட் தள்ளி, ஏதாவது ஒன்று புகையலாம்.)

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். பழைய 100 மெகாபிட் முறையில் 1, 2 பேசுவதற்கு; 3, 6 கேட்பதற்கு; மீதி நான்கும் உடன்வந்த ஆயத்தார். இரு கணினிகளையும் நேரே இணைத்தால் வாயோடு வாயும் காதோடு காதும் சேர்ந்து ஒன்றும் நடக்காது. அதனால் அந்நாளில் ஒரு முனையில் கம்பிகளை இடம் மாற்றிக் கிரிம்ப் செய்த கிராஸ் கேபிளைக் கேட்டு வாங்குவோம். இப்போதைய சிப்புகள் எது வாய், எது காது என்பதைத் தாமே அறிந்துகொள்கின்றன. கிகாபிட்டில் எட்டுக் கம்பிகளும் வேலை செய்யும். அந்த மீதி நான்கில் ஒன்று அறுந்தாலும் வேகம் சத்தமில்லாமல் 100க்கு இறங்கும். பத்து நிமிட வேலை ஒன்றரை மணியாக நீண்டால் கம்பியைச் சந்தேகியுங்கள்.

புது மடிக்கணினிகள் மெலிந்து மெலிந்து லேன் துளையே கழன்றுபோய்விட்டது. பழைய உரைகாரர் இதை வளை கழலுதல் என்று எழுதியிருப்பார். கடைக்காரர் யுஎஸ்பி அடாப்டர் கொடுத்தார்.

ரவுட்டர் இல்லாத இடத்தில் முகவரி கொடுக்க ஆளில்லை. அப்போது கணினிகள் 169.254 என்று தொடங்கும் எண்களில் ஆளுக்கொன்றைத் தாமே தேர்ந்து, அங்கே வேறு யாரும் இல்லையே என்று ஒரு குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு அமர்ந்துகொள்ளும். இதுதான் குறியிடம். பகற்குறி, இரவுக்குறி என்ற பாகுபாடு இங்கில்லை.

எல்லாம் கூடிவந்தபின் இற்செறிப்பு, அதாவது தலைவியை வீட்டுக்குள் அடைத்தல். முன்பின் தெரியாத இணைப்பு என்றால் விண்டோஸ் அதைப் பொது இடம் என்று முடிவுகட்டுகிறது. ஃபயர்வால் என்னும் செவிலி கதவைச் சாத்துகிறாள். நான்கு அடி தள்ளியிருக்கும் கூடத்துக் கணினி அவள் கணக்கில் பேருந்து நிலையத்து அந்நியன். செட்டிங்ஸில் போய் இது பிரைவேட் நெட்வொர்க், எங்கள் வீடுதான் என்று சத்தியம் செய்ய வேண்டும். தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே சென்று பேசும் வாயில்கள் என்று தொல்காப்பியர் 12 பேரோடு நிறுத்திக்கொண்டார். கணினிக்கு 0 முதல் 65,535 வரை போர்ட் என்னும் வாயில்கள். அவற்றில் கோப்புப் பகிர்வுக்கு உரியது 445. அது திறந்தது.

திறந்ததும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. தினமும் கணினியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண் இங்கே செல்லாது. அது அந்த இயந்திரத்தின் வாசலுக்கு மட்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கு என்றால் விண்டோஸ் வலைவழியே உள்ளே விடுவதும் இல்லை. எங்கள் கணக்குக்குக் கடவுச்சொல் இருந்தது. வைத்தவள் கல்யாணமாகிப் போன மூத்தவள். அவளுக்கும் நினைவில்லை. பலசரக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், துவரம்பருப்புக்குக் கீழே, என் மனைவியின் கையெழுத்தில் அது இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது.

62 ஜிபியும் போய்ச் சேரப் பதினோரு நிமிடம் ஆயிற்று.

அந்த லேன் கேபிள் நீல நிறம், இரண்டு மீட்டர். மறுநாள் காலை ஐந்து நிமிடத்தில் தருவதாக மாடிவீட்டுத் தம்பி வாங்கிப்போனார். இதைப் படித்தால் தயவுசெய்து கொண்டுவந்து கொடுத்துவிடவும்.