உளுந்து வடையின் கன அளவும் அடர்த்தியும்: ஓர் ஓட்டை ஆய்வு

1. ஆய்வின் தேவை

வடையைப் பற்றி நம்மவர்கள் பேசாத பேச்சில்லை. ஆனால் வடையின் ஓட்டை வடையைச் சேர்ந்ததா, காற்றைச் சேர்ந்ததா என்ற அடிப்படைக் கேள்வி இன்றுவரை அந்தரத்தில் நிற்கிறது. அதைத் தரையிறக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சொல் விளக்கம்

பொருள் அடைத்துக்கொள்ளும் இடம் கன அளவு. நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. தண்ணீருக்கு ஒரு கன செ.மீ.க்கு 1 கிராம், தங்கத்துக்கு 19.3. வாயால் சுடும் வடைக்குக் கன அளவு எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு, நிறை மட்டும் கிடையாது. ஆகவே அதன் அடர்த்தி பூஜ்யம். அவ்வகை வடை இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

3. முன்னோர் முறை

எங்கள் வீட்டில் அடர்த்திமானி என்பது ஒரு டம்ளர் தண்ணீர். அரைத்த உளுந்தில் கொட்டைப்பாக்கு அளவு கிள்ளி அம்மா அதில் போடுவார். மூழ்கினால் கிரைண்டர் மறுபடி ஓடும். மிதந்தால், "போதும், வாணலியை வை" என்பார். மாவின் அடர்த்தி 1-க்குக் கீழே இறங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். உளுந்தின் புரதமும் வழவழப்பும் காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இது நடக்கிறது. தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைப்பது அடைக்கிற வேலை, அடைபடுவது காற்று. பருப்பு வடை மாவுக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லை. போட்டதும் மூழ்கிவிடும்.

தண்ணீரில் மிதந்த அதே மாவு எண்ணெயில் முதலில் அமிழ்வது ஏன்? எண்ணெயின் அடர்த்தி 0.92 அளவுதான், காய்ந்தால் இன்னும் குறையும். உள்ளே போன மாவின் ஈரம் ஆவியாகிறது. ஆவியானால் தண்ணீர் 1,600 மடங்குக்கு மேல் விரியும். வடை உப்புகிறது, அடர்த்தி குறைகிறது, மேலே வருகிறது. பிறகு கரண்டியால் திருப்புவது மட்டுமே மனிதனின் பங்கு.

4. அளக்கும் முறை

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் சிராகூஸ் நகரில் ஆர்க்கிமிடீஸ் கிரீடத்தைத் தண்ணீரில் அமிழ்த்திக் கன அளவு கண்டதாகக் கதை. கிரீடம் தண்ணீர் குடிக்காதது அவர் செய்த புண்ணியம். வடை குடிக்கும். சாம்பாரில் போட்டதும் மிதக்கிற வடை, சற்று நேரத்தில் காற்றை விட்டுச் சாம்பாரை ஏற்று அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அளக்கப் போனவன் பசியோடு சாம்பார் வடையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

ரொட்டியின் கன அளவை அளக்க ஆய்வுக்கூடங்களில் கடுகு இனத்து விதைகளைப் பயன்படுத்துவது வழக்கம். அதைப் பின்பற்றி, அரைப்படி நிறையக் கடுகைத் தலைதட்டி அளந்தேன். கடுகைக் கொட்டிவிட்டு, வடையை உள்ளே வைத்து, கடுகை மீண்டும் நிரப்பித் தலைதட்டினேன். மிஞ்சிய கடுகின் கன அளவே வடையின் கன அளவு. அதை அளக்க இருமல் மருந்து மூடி உதவியது. "கடுகு விக்கிற விலையில உங்க ஆராய்ச்சிக்கு ரவை ஆகாதாங்க?" என்று வீட்டில் கேட்ட கேள்வி முறையியல் சார்ந்தது என்பதால் பதிவு செய்கிறேன்.

5. கண்டறிந்தவை

முதலாவது: கடுகு ஓட்டைக்குள் தாராளமாகப் போயிற்று. ஆகவே ஓட்டை வடையைச் சேர்ந்ததல்ல.

இரண்டாவது, கவலைக்குரியது. வடையை வளையமாகக் கொண்டு கணக்கிட்டேன். வெளி விட்டம் 7 செ.மீ., ஓட்டை 1 செ.மீ. என்றால் கன அளவு சுமார் 89 கன செ.மீ. அதன் எடை 50 கிராம் என்றால் அடர்த்தி 0.56. வெளி விட்டத்தைத் தொடாமல் ஓட்டையை மட்டும் 3 செ.மீ. ஆக்கினால் வளையம் மெலிந்து, கன அளவு 49 ஆகிவிடுகிறது. தட்டில் பார்த்தால் அதே வடை. வயிற்றில் பார்த்தால் பாதியை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

நடுவில் வேகவேண்டும் என்பதற்காகப் பிறந்த ஓட்டை, விலைவாசியைச் சமாளிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டது. அரிசி விலை ஏறியபோது படியின் அடியை நசுக்கி வைத்தவர்களின் அறிவியல் இது. நசுங்கிய படியையாவது கண்டுபிடிக்கலாம். வடையின் ஓட்டை பிறவியிலேயே இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

6. முடிவும் பரிந்துரையும்

வடை வாங்குவோர் அகலத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். ஓட்டையில் விரலை விட்டுப் பாருங்கள். சுண்டுவிரல் மட்டும் போனால் சட்னி கேளுங்கள். இரண்டு விரல் சேர்ந்து போனால் விலையைக் கேளுங்கள். விரலை விட்ட வடையை மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.