கடை மாறினால் ரப்பர் மாறுமா?

டயரின் தரத்தை அதை விற்கும் கடையை வைத்து முடிவு செய்யும் வழக்கம் நெடுஞ்சாலை ஊர்களில் வேரூன்றியது. தேசிய நெடுஞ்சாலை 44-இல், கிருஷ்ணகிரிக்குத் தெற்கே தென்பெண்ணைக் கரையில் உள்ள காவேரிப்பட்டினத்தில் இது ஏறக்குறைய ஒரு சித்தாந்தம். அதன்படி, புது வண்டியோடு வரும் டயர் முதல் தரம். கம்பெனி டீலரிடம் வாங்குவது இரண்டாம் தரம். பெருங்கடைகளிலும் இணையத்திலும் தள்ளுபடியில் கிடைப்பது கழிவு.

இந்தச் சித்தாந்தத்தின் உள்ளூர் ஆசிரியர் ஒரு மாங்காய் மண்டிக்காரர். அச்சடித்ததைப் படிக்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாத டயர்க்கடைக்காரர் எதிர்த்தரப்பு. விவாதம் நடந்த இடம் கடைக்காரரின் கடை.

மண்டிக்காரர்: தம்பி, என் மச்சான் போன்லயே நாலு டயர் வாங்கிட்டான். உன் விலையைவிட டயருக்கு ஐந்நூறு ரூபா கம்மி. அதே கம்பெனி, அதே சைஸ். அது மட்ட ரகம்தானே?

கடைக்காரர்: இல்லீங்கண்ணா. நல்ல டயர்தான்.

மண்டிக்காரர்: என்னய்யா இது? உன் பொழப்புல மண்ணைப் போடறவனுக்கு நீயே சாட்சி சொல்ற! நாலு வார்த்தை திட்டுவேன்னு நம்பி வந்தேன்.

கடைக்காரர்: திட்டறதுன்னா நாளைக்குக்கூட திட்டிக்கலாம். டயர் அதே டயர்தான்.

போட்டிக் கடையைத் திட்டாத வியாபாரி மண்டிக்காரரின் அனுபவத்தில் இல்லாத உயிரினம். எனவே அவர் அடுத்த ஆதாரத்துக்குப் போனார்.

மண்டிக்காரர்: தள்ளுபடிக் கடைக்குன்னு ராத்திரி ஷிப்ட்ல தனியா மட்ட ரப்பர் போட்டு ஓட்டறாங்களாம். லாரி டிரைவர் ஒருத்தர் சொன்னார்.

கடைக்காரர்: ராத்திரி ஷிப்ட் ஓடறது நிஜம்ணா. பகல்லயும் ஓடுது. அச்சுக்குப் பகலும் தெரியாது, ராத்திரியும் தெரியாது, உங்க மச்சான் போனும் தெரியாது.

அரக்கோணத்திலும் பெரம்பலூரிலும் எம்.ஆர்.எஃப்., ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., மதுரையில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா எனத் தமிழ்நாட்டில் டயர் ஆலைகள் பல. வேலை எங்கும் ஒரே வகைதான். ரப்பர் கலவை, நூல் அடுக்கு, எஃகுக் கம்பி ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டியதற்குப் பச்சை டயர் என்று பெயர். அதை அச்சுக்குள் வைத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் வேகவைக்கும்போது தரையில் படும் 'பட்டன்' எனப்படும் மேற்பரப்பும் எழுத்துகளும் ஒன்றாகப் பதிகின்றன. ஒவ்வொரு அளவுக்கும் ரகத்துக்கும் அச்சு தனி. ஒரே பெயரில் கடைக்கு ஒரு தரம் செய்வதென்றால் கலவை, சோதனை, கிடங்குக் கணக்கு எல்லாவற்றையும் இரட்டிக்க வேண்டும். அந்தச் செலவில் தள்ளுபடியே கரைந்துவிடும்.

சட்டமும் கடை பார்ப்பதில்லை. மத்திய அரசின் 2009-ஆம் ஆண்டுத் தரக்கட்டுப்பாட்டு ஆணையால் வண்டி டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளின் டயருக்கு ஐ.எஸ். 15627, காருக்கு 15633, லாரிக்கும் பேருந்துக்கும் 15636. பஞ்சர் கடையில் தொங்கினாலும் பளிங்குத் தரைக் கடையில் நின்றாலும் எண் அதுவே.

மண்டிக்காரர்: முத்திரை எல்லாம் குறைஞ்சபட்சம்தானேப்பா. அதுக்கு மேல மேடு பள்ளம் இருக்காதா?

கடைக்காரர்: இருக்கும். ஆனா அது ரகத்துக்கு ரகம். கடைக்குக் கடை இல்லை. நம்ம ஊர்ப் பக்கம் கூழ் ஃபேக்டரில பெங்களூரா மாங்காயை அரைச்சு டின்ல அடைக்கிறாங்க. மேல ஒட்டற லேபிள் மாறினா உள்ள இருக்கற கூழ் மாறுதா?

மண்டிக்காரர்: மாங்காயை ஏன்யா இழுக்கற? அது நாணயமான தொழில்.

கடைக்காரர் அமெரிக்காவை இழுத்தார். 1920-களில் சியர்ஸ் என்ற பெருங்கடை 'ஆல்ஸ்டேட்' என்ற பெயரில் டயர் விற்கத் தொடங்கியது. 1931-இல் அதே நிறுவனம் தொடங்கிய காப்பீட்டு நிறுவனம் இந்த டயரின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது. டயரைச் செய்து கொடுத்தது குட்இயர். ஒப்பந்தம் 1926-இல் கையெழுத்தானது. சியர்ஸுக்கு மட்டும் அடிமாட்டு விலை என்று சிறு வியாபாரிகள் கொதிக்க, 1933-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குட்இயர் மீது நடவடிக்கை தொடங்கியது. ஆணையத்தின் கணிப்பில், பட்டன் வடிவம் வேறாக இருந்தாலும் ஆல்ஸ்டேட் டயர் குட்இயரின் சொந்த டயருக்குத் தரத்தில் ஒப்பானது. ஒரே தரத்துக்கு இரண்டு விலை வைத்தது ஏன் என்பதே வழக்கு. ஆணையம் 1936-இல் பிறப்பித்த தடை உத்தரவை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1939-இல் நீக்கிவிட்டது. அதற்குள், 1936-லேயே, விலைப் பாகுபாட்டுக்கு எதிராக ராபின்சன்–பேட்மேன் சட்டம் வந்துவிட்டது.

மண்டிக்காரர்: அப்போ அங்கேயும் சின்னக் கடைக்காரன் அழுதிருக்கான்.

கடைக்காரர்: அழுதான். விலையைச் சொல்லித்தான் அழுதான். டயர் மட்டம்னு அவன் சொல்லியிருந்தா வழக்கே நின்னிருக்காது.

தோல்வி நெருங்குவதை உணர்ந்த மண்டிக்காரர் புது வண்டிக்குத் தாவினார். ஓசூர் பக்கத்து ஆலைகளிலிருந்து வண்டிகள் வரிசையாக இறங்கும் வட்டாரத்தில் இது பலமான வாதம்.

மண்டிக்காரர்: சரி, வண்டியோட வந்த டயர் அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிச்சு. அதே பேர்ல கடையில வாங்கினது நாப்பதுலயே மொட்டை. இதுக்கென்ன சொல்ற?

கடைக்காரர்: இது ஒண்ணுதான் நீங்க கேட்டதுல நியாயமான கேள்வி.

பெயர் ஒன்றாக இருந்தும் டயர் வேறாக இருக்கக்கூடிய இடம் இதுதான். வண்டிக் கம்பெனி தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கும். மைலேஜ் காட்ட உருளும் தடையைக் குறைக்கச் சொல்லலாம். எடையையோ சத்தத்தையோ குறைக்கச் சொல்லலாம். மெர்சிடிஸுக்கு 'எம்.ஓ.', பி.எம்.டபிள்யூ.வுக்கு நட்சத்திரக் குறி, ஆடிக்கு 'ஏ.ஓ.' என்று சைடுவாலிலேயே தனி அடையாளம் போடும் வழக்கமும் உண்டு. பெருங்கடைகள் தங்களுக்கென்றே தனிப் பெயரில் செய்யச் சொல்வதும் உண்டு. அமெரிக்காவில் வால்மார்ட் விற்கும் 'டக்ளஸ்' டயரைச் செய்வது குட்இயர். அது குட்இயரின் விலை உயர்ந்த ரகம் அல்ல. அப்படி யாரும் சொல்லி விற்கவும் இல்லை. ஆகவே ஒப்பிடும்போது கம்பெனிப் பெயர் மட்டும் போதாது. ரகத்தின் பெயர், அளவு, சுமை எண், வேக எழுத்து அத்தனையும் ஒத்துப்போக வேண்டும். 185/65 ஆர்15 88எச் என்பதில் 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை.

கடைக்காரர்: உங்க கார்ல அந்த ரெண்டாவது செட் டயருக்கு எவ்வளவு காத்து வெச்சீங்க?

மண்டிக்காரர்: கண்ணால பார்த்தாலே தெரியும்பா. போன வருஷம் நைட்ரஜன்கூட அடிச்சேன்.

கடைக்காரர்: சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தாங்கண்ணா. மாசம் ஒருதடவை அளந்து பார்த்திருந்தா அந்த மிச்சம் இருபதாயிரம் கிலோமீட்டரும் ஓடியிருக்கும்.

கடைக்குக் கடை உண்மையாகவே மாறுவது டயரின் வயது. சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. விளக்கத்துக்காக மண்டிக்காரரின் ஸ்டெப்னி வெளியே எடுக்கப்பட்டது. அதன் மேல் ஒரு மாங்காய்ச் சாக்கு, ஒரு குடை, ஒரு தேங்காய்.

மண்டிக்காரர்: பட்டனைப் பாரு, மயிரிழைகூட தேயலை. புதுசு!

கடைக்காரர்: 0811. 2011-ல எட்டாவது வாரம். பிப்ரவரி மாசம் பொறந்த பிள்ளை. விரல் வெச்சு அழுத்துங்க.

அழுத்தியபோது பட்டன் பள்ளத்தின் அடியில் வறண்ட ஏரிப் படுகை போல வெடிப்புகள் விரிந்தன. ஓடாத டயரும் மூப்படையும். வெயிலும் வெப்பமும் காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரின் நெகிழ்வைத் தின்கின்றன. ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டானால் பட்டன் இருந்தாலும் கழற்ற வேண்டும் என்பது மிஷ்லின் போன்ற நிறுவனங்களின் அறிவுரை. பிரிட்டன் 2021 பிப்ரவரி முதல், பத்து ஆண்டு தாண்டிய டயரை லாரி, பேருந்துகளின் முன் சக்கரத்தில் போடுவதைச் சட்டப்படி தடுத்துவிட்டது. சரக்கு வேகமாகக் கைமாறும் பெருங்கடையில் டயர் இளமையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கணக்கில் தங்கிய சரக்கைத் தள்ளுபடியில் கழிப்பதும் அங்கே நடக்கும். எண்ணைப் பார்த்தவருக்கு இரண்டும் தெரிந்துவிடும்.

புதிதாகக் கிடைத்த அறிவை மண்டிக்காரர் உடனே பயன்படுத்தினார். கடை வாசலில் மேற்கு வெயில் முழுவதையும் வாங்கிக்கொண்டு அழகுக்காக நிற்கும் டயரிடம் போய்க் குனிந்தார்.

மண்டிக்காரர்: 4122. நாப்பத்தொண்ணாவது வாரம், 2022. இதை எனக்கு எந்த விலைக்குக் கொடுக்கறதா இருந்தே?

கடைக்காரர்: அது... வெளம்பரத்துக்கு வெச்சதுண்ணா.

மண்டிக்காரர்: போன வாரம் இதைத்தானேப்பா 'பிரெஷ் ஸ்டாக்'னு தட்டிக் காட்டின?

உரையாடலில் கடைக்காரர் பதில் சொல்லத் தடுமாறிய இடம் இது ஒன்றே. டயர் உள்ளே, நிழலுக்குப் போனது. பேச்சு விலைக்கு வந்தது.

பெருங்கடை மொத்தமாக வாங்குகிறது, கடன் சொல்வதில்லை, ஒரு டயரில் குறைந்த லாபம் வைத்துப் பல டயர் விற்கிறது. விலை குறைய இந்தக் காரணங்களே போதும். விலை உயரவும் தரம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. லாரி, பேருந்துகளுக்கான கிராஸ்-பிளை டயர்களின் விலையை 2011–12-இல் கூடிப்பேசி உயர்த்தியதாக இந்தியப் போட்டி ஆணையம் ஐந்து பெரிய நிறுவனங்களுக்கும் அவற்றின் சங்கத்துக்கும் மொத்தம் 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2018-இல் பிறந்த அந்த உத்தரவு 2022 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பியது.

மண்டிக்காரர்: அதனாலதான் நான் அத்திப்பள்ளியில போய் வாங்கறது. கர்நாடகா டயர், வரியும் கம்மி.

கடைக்காரர்: அது வாட் காலத்துக் கதைண்ணா. 2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்தப்பவே செத்துப்போச்சு. வரி 28-ல இருந்து 18 ஆனது 2025 செப்டம்பர் 22-ல. பார்டருக்கு இந்தப் பக்கமும் அதே நாள், அந்தப் பக்கமும் அதே நாள். பத்தாயிரம் ரூபா டயர் 12,800-ல இருந்து 11,800 ஆச்சு. போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது கிலோமீட்டர், டீசல், சுங்கச்சாவடி. எவ்வளவு மிச்சம் பிடிச்சீங்க?

மண்டிக்காரர்: மிச்சம் முக்கியமில்லப்பா. பெங்களூர் பக்கம் வாங்கினோம்னு ஒரு இது.

'ஒரு இது' என்பதற்கு ஐ.எஸ். எண் கிடையாது.

மச்சானின் ஐந்நூறு ரூபாயும் அடுத்து எண்ணப்பட்டது. இணைய விலையில் மாட்டும் கூலி, வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் அடங்கியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் டயரைத் தோளில் சுமந்துகொண்டு மச்சான் இதே கடைக்குத்தான் வருவார். பழைய டயரை எடுத்துக்கொண்டு கழிக்கும் தொகையும் கணக்கில் சேரும். எல்லாம் சேர்த்தும் பெருங்கடை மலிவாக இருக்கலாம்; கூட்டிப் பார்க்காதவர் மலிவு என்று சொல்ல முடியாது.

கடைசிக் கண்டம் மாட்டும் இடம். நல்ல டயரின் விளிம்பை ரிம்மில் ஏற்றும்போது கம்பியால் நெம்பிக் கிழித்தால் அது அந்த நிமிடமே கெட்ட டயர். பேலன்சிங் தவறினால் ஸ்டீயரிங் நடுங்கும். அலைன்மென்ட் தவறினால் ஒரு பக்கம் மட்டும் தேயும். இந்தக் குறைகள் பெரும்பாலும் டயர் வாங்கிய கடையின் பெயரில் எழுதப்படுகின்றன.

மண்டிக்காரர்: எனக்கு ரெண்டே ரெண்டு போதும். முன்னாடிதான் தேஞ்சிருக்கு, முன்னாடி மாட்டு.

கடைக்காரர்: புதுசு ரெண்டும் பின்னாடிண்ணா. பின்னாடி இருக்கறது முன்னாடி வரும்.

மண்டிக்காரர்: பல் வலி மேல, மருந்து கீழயா?

கடைக்காரர்: மழையில முன் சக்கரம் வழுக்கினா ஸ்டீயரிங்ல தெரியும், காலை எடுப்பீங்க. பின் சக்கரம் வழுக்கினா வண்டி சுத்தின பிறகுதான் தெரியும். டயர் கம்பெனிக்காரங்களே அப்படித்தான் சொல்றாங்க.

பட்டன் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் உண்டு. தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் மிச்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர், மோட்டார் வாகன விதிப்படி காருக்கு அதுவே எல்லை. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிக்கு எல்லை 0.8. மண்டிக்காரரின் முன் சக்கரங்களில் மேடு எது, பட்டன் எது என்று பிரித்துக் காட்ட முடியவில்லை. மட்ட டயரைப் பற்றி அவர் ஊருக்கெல்லாம் எச்சரிக்கை விடுத்துச் சுற்றி வந்தது இந்தச் சக்கரங்களில்தான்.

அண்மையில் தயாரான இரண்டு டயர்கள் மாட்டப்பட்டன. மிச்சம் பணம் மட்டும்.

மண்டிக்காரர்: பில் வேண்டாம் தம்பி. அந்தப் பதினெட்டைக் கழிச்சுக்கோ.

உற்பத்திக் குறையால் டயர் கெட்டால், மிச்சமிருக்கும் பட்டன் ஆழத்துக்கு ஏற்ப நிறுவனம் விலையில் ஒரு பங்கை ஈடு செய்யும். கல்லில் கிழிந்ததற்கும் பள்ளத்தில் அடிபட்டதற்கும் அது பொருந்தாது. ஈடு கேட்கக் கையில் ரசீது வேண்டும்.

கடைக்காரர்: நீங்க காலையில இருந்து தேடற ரெண்டாம் தரம் இதுதாங்கண்ணா. பில் இல்லாத டயர்.

மண்டிக்காரர்: சரி, போடு. அப்படியே அந்த நாலு நம்பரையும் பில்லுல எழுது. உன் வெளம்பர டயர் ஞாபகம் இருக்கு.

பில்லில் நான்கு இலக்கமும் எழுதப்பட்டது.