மரமேறு பாதவியல்: ஓர் எல்லைப்புற முன்னாய்வு

செருப்புக்குத் தெலுங்கில் செப்பு, கன்னடத்தில் கெர. மூன்று மொழிகளும் தோள் உரசும் ஓசூர்ப் பக்கத்தில், மரம் ஏறுவதற்கென்றே ஒரு காலணியின் பெயரை எந்த மொழியிலும் நான் கேட்டதில்லை. பெயரே இல்லாத பொருளில் ஆய்வு செய்தால் மறுக்க ஆளிருக்காது என்பதால் இத்துறையில் இறங்கினேன், அதாவது, ஏறினேன்.

களம், காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பு. காலம், பெங்களூரா மாங்காய் கூழ் ஆலைக்கு லாரி ஏறும் ஜூன். கருவி, சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துவந்த என் காலில் இருந்த சேஃப்டி ஷூ.

முன்னோர் மரபு வெறுங்கால். காய் பறிப்பவர்கள் செருப்பை மரத்தடியில் விட்டுத்தான் ஏறுகிறார்கள். அடிமரத்தில் ஒரு ஜோடி கிடந்தால் மேலே ஆள் உண்டு, ஒதுங்கிப் போ என்று பொருள். பனையேறி காலில் மாட்டும் தளையும் காலணியன்று. இரு பாதங்களையும் மரத்தோடு நெருக்கிப் பிடிக்கும் நார் வளையம். வெறுங்காலின் சிறப்பு விரலில் இருக்கிறது: கிளையைக் கவ்வும், பட்டை வழுக்குமா என்று முன்கூட்டியே சொல்லும். குறை ஒன்றுதான், அதன் பெயர் முசுறு. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் அந்த எறும்பு, கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும். ஆய்வாளரின் நடுநிலை அந்த நொடியில் போய்விடும்.

மேலைநாட்டில் மரம் வெட்டுவோர் பூட்ஸோடு இரும்பு முள்ளைக் கட்டிக்கொண்டு ஏறுவதுண்டு. அது சாகப்போகிற மரத்துக்கு. காய்க்கிற மாவில் குத்தினால் பிசின் வடியும். தோப்புக்காரர் வாயிலிருந்தும் ஏதாவது வரும்.

இனி ஷூ. ஐ.எஸ். 15298 தரப்படி அதன் முன்மூடி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ இரும்பு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி அது. ஆலையில் பொருள் விழும், மனிதன் நிற்பான். மரத்திலோ பொருள் நிற்கும், விழுவது மனிதன். 60 கிலோ ஆள் 3 மீட்டர் கவட்டிலிருந்து விழுந்தால் 1,700 ஜூலைத் தாண்டும். அவன் கட்டைவிரல் நுனியில்தான் விழுவான் என்று எந்தத் தரமும் சொல்லவில்லை.

இந்தக் கணக்கை இரண்டாவது கவட்டில் உட்கார்ந்து போட்டேன். வளையாத அடிப்பாகம் கிளையில் பிடிபடவில்லை. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கீழே காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

“சூவக் கழட்டிப் போடுப்பா, காலு தானா எறங்கும்.”

கழற்றிப் போட்டேன். அரைக் கிலோ எடை, இரும்பு மூக்கு கீழ்நோக்கி. பெரியவர் காலில் ரப்பர் செருப்பு. ஒரு சாண் தள்ளி விழுந்தது.