சாய டப்பாவிலிருந்து த்ரீ பின் வரை

எண்பதுகளில் கந்தர்வக்கோட்டையில் லைட் செட் வைத்திருந்த அண்ணன் ஒருவரிடம் நான் எடுபிடி. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், பள்ளிக்கூடம் விட்டதும் அவர் கடைதான். சீரியல் பல்புகளைச் சாயத்தில் முக்கிக் காயவைப்பது என் வேலை. முக்கிய நிறம் முக்கியதுதான். திருவிழா முடியும்வரை அந்த பல்புக்கு அதுவே நிறம்.

ஆறு வோல்ட் பல்புகளை நாற்பதுக்குக் கொஞ்சம் குறையக் கோத்தால், 230 வோல்ட்டை அவை பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று பியூஸானால் வரிசை மொத்தமும் அணையும். அண்ணன் டெஸ்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவார். டெஸ்டர் எரிகிற இடத்துக்கும் எரியாத இடத்துக்கும் நடுவில் இருப்பதுதான் போன பல்பு. விளக்கு ஓடுவதற்கு ஒரு மோட்டார். அதன் உருளையில் பதித்த பித்தளைத் தகடுகள், சுற்றச் சுற்ற, வரிசைகளுக்கு மாறி மாறி மின்சாரம் கொடுக்கும். தஞ்சாவூர்–புதுக்கோட்டை சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த அம்மன் உருவம் அப்படி ஓடியதுதான்.

அவர் திட்டம் போடுவது தரையில், கரித்துண்டால். வரிசை எங்கே தொடங்குகிறது, ஒயர் எந்த மூங்கிலுக்குப் பின்னால் போகிறது, எல்லாம் அதில் இருக்கும். அம்மன் முகத்துக்குள் ஒரு பல்புகூட வைக்க மாட்டார். “முகத்த இருட்டா விடு தம்பி. சுத்தி எரிஞ்சாத்தான் முகம் தெரியும்” என்பார். ஒளியைப் பற்றி நான் கற்றதில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

இப்போது தங்கை மகன் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறான். கண்ணாடிக் கதவு கேபினெட், ஆறு பேன், ராமிலும் விளக்கு. “எல்லாமே ஆர்ஜிபி மாமா” என்றான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்த எல்இடி. சிவப்பும் பச்சையும் எல்இடியில் முன்பே இருந்தன. நன்றாக ஒளிரும் நீலம்தான் நெடுங்காலம் வசப்படவில்லை. 1993-இல் ஜப்பானில் நாகமுரா அதைக் கொண்டுவந்தார். 2014-இல் அகாசாகி, அமானோ இருவரோடு அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலம் இல்லாமல் இந்தப் பெட்டியே இல்லை. மூன்று நிறத்துக்கும் தலா 256 அளவுகள். பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். என் சாய டப்பாக்கள் நான்கு.

அவனோடு உட்கார்ந்து நான் முதலில் பார்த்தது எல்இடி பட்டையைச் செருகும் பின்களை. நாலு பின் என்றால் 12 வோல்ட், பட்டை முழுதும் ஒரே நிறம். மூன்று பின் என்றால் 5 வோல்ட், ஒவ்வொரு விளக்குக்கும் தனி நிறம். 5 வோல்ட் பட்டையை 12 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும். முழு வெள்ளையில் ஒரு எல்இடி 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். பட்டையைச் செருகும் மதர்போர்டு இணைப்பு பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் தாங்கும். அதனால் பேன்களுக்குத் தனி மின்சாரம் எடுக்கும் ஹப் வாங்கினோம். ஆசஸுக்கு ஆரா, எம்எஸ்ஐக்கு மிஸ்டிக் லைட் என்று கம்பெனிக்கொரு மென்பொருள். அவை ஒன்றோடொன்று மோதும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஆட்டிவைக்க ஓபன்ஆர்ஜிபி என்ற இலவச மென்பொருளைப் போட்டான்.

மூன்று பின் விளக்கில் சிப் ஒன்று உண்டு. வரும் தகவலில் முதல் 24 பிட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளிவிடும். பந்தியில் இலையில் விழுந்ததை வைத்துக்கொண்டு வாளியை நகர்த்துவது மாதிரி. நடுவில் ஒன்று பழுதானால் அதற்குப் பின்னால் இருப்பவற்றுக்குத் தகவல் போகாது. இத்தனை ஆண்டு கழித்தும் வரிசையின் விதி அதேதான்! ஆனால் இதில் பழுதைத் தேட டெஸ்டர் வேண்டாம்; ஒளி நிற்கிற இடமே காட்டிக்கொடுக்கும்.

நடுவில் கிராபிக்ஸ் கார்டை இருட்டாக விட்டு, சுற்றிலும் ஒரே நீலம் வைக்கச் சொன்னேன். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வைத்தான். கார்டு இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

கோயில் அலங்காரத்துக்கும் இன்று இதே வகைப் பிக்சல் எல்இடிதான். ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் அமைத்து, மெமரி கார்டில் ஏற்றி, கண்ட்ரோலரில் செருகுகிறார்கள். அடுத்த திருவிழாவுக்கு ஒரு வளைவை அவனே அமைத்துத் தருவதாக லைட் செட் கடையில் பேசிவிட்டு வந்திருக்கிறான். எத்தனை பிக்சல் என்று கேட்டிருக்கிறேன். அது தெரிந்தால்தான் பவர் சப்ளைக்கு எத்தனை ஆம்பியர் என்று சொல்ல முடியும்.