கையைக் கட்டிக்கொண்டு தோட்டம் போடுவது எப்படி?

செடி வாடினால் தண்ணீர், இலை மஞ்சளானால் யூரியா, ஓட்டை விழுந்தால் பூச்சிமருந்து. நம் வீட்டுத் தோட்டக்கலை பெரும்பாலும் இந்த மூன்று சூத்திரங்களோடு முடிந்துவிடும். மூன்றுக்கும் பொது அம்சம் ஒன்று உண்டு: கண் செடியைப் பார்ப்பதற்கு முன்பே கை வாளியைத் தேடிப் போய்விடும். வயிற்றுவலி என்று போனவரிடம் எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது என்றுகூடக் கேட்காமல் ஊசி போடும் டாக்டரை ஊர் முழுக்கத் திட்டித் தீர்ப்போம். செம்பருத்திக்கு மட்டும் நாமே அந்த டாக்டர். எந்த இலை, எந்தப் பக்கம், எப்போதிருந்து என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதே முதல் வைத்தியம் என்பது என் கட்சி. இதற்கு அந்தமானின் ஹேவ்லாக்கைப் போலக் கண்டிப்பான பள்ளிக்கூடம் கிடைப்பது கடினம். 2018 டிசம்பரில் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் வைத்தார்கள். பலகை மாறியதே தவிர, மண் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தக் குணம் என்னவென்று இட்லிப்பூச் செடியைக் கேட்டால் சொல்லும். கடற்கரையோரம் இருப்பது பவளத் துண்டும் சிப்பித் தூளும் கலந்த மணல், அதாவது பாதிச் சுண்ணாம்பு. அதில் நிற்கும் இட்லிப்பூவின் கொழுந்து எலுமிச்சம்பழ நிறத்துக்கு வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சை மையில் கோடு போட்டதுபோல் தெரியும். கீழே உள்ள கிழட்டு இலைகளோ பசேலென்று இருக்கும். எந்த இலை என்ற முதல் கேள்வி இதற்குத்தான். தழைச்சத்து குறைந்தால் கதை தலைகீழ். தழைச்சத்து செடிக்குள் இடம் மாறக்கூடியது. ஆகவே பஞ்ச காலத்தில் செடி முதிய இலையிலிருந்து அதை உருவிக் கொழுந்துக்கு ஊட்டும். கீழிலை முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து ஓரிடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. அதனால் கஷ்டம் கொழுந்துக்குத்தான். மண்ணில் இரும்பு இல்லாமலில்லை; சுண்ணாம்பு அதைக் கரையவிடுவதில்லை. இந்த நிலைமையில் யூரியா போடுவது வீண் செலவு, சுண்ணாம்பு போடுவது எரிகிற வீட்டில் எண்ணெய். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கரைத்து, கொஞ்சம் சிட்ரிக் அமிலமும் சேர்த்து இலைமேல் தெளித்தால் கொழுந்து பச்சை பிடிக்கும். குரோட்டன்ஸுக்கு மட்டும் தெளிக்க வேண்டாம். அதற்கு மஞ்சள் நோயல்ல, பரம்பரைச் சொத்து.

இரண்டாவது கேள்வி, எந்தப் பக்கம். இலையின் ஓரம் கருகியிருக்கிறது, அதுவும் கடலைப் பார்த்த பக்கத்தில் மட்டும் என்றால், குற்றவாளி உப்புக்காற்று. அதற்குப் பூச்சிமருந்து அடிப்பது வங்கக்கடலுக்கே அடிப்பதாகும். தோட்டத்தின் பள்ளமான மூலையில் நிற்கும் செடிகள் மட்டும் வாடினால், விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை வாடும் செடி தாகத்தில் வாடலாம். ஆகஸ்டில் வாடும் செடி அநேகமாக மூச்சுத் திணறித்தான் வாடும். தண்ணீரில் ஊறிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. மேலே பார்த்தால் இரண்டும் ஒரே வாட்டம். இரக்கப்பட்டு ஒரு குடம் ஊற்றுகிறவர், முழுகுகிறவனுக்கு மோர் கொடுக்கிறார்.

மூன்றாவது, எப்போதிருந்து. காலையில் கீரையில் ஓட்டையைப் பார்த்ததும் பக்கத்தில் இருக்கும் அப்பாவிப் புழுவைப் பிடித்து நசுக்குவது நம் வழக்கம். தின்றது ராத்திரி வந்த ஆப்பிரிக்க ராட்சத நத்தையாக இருக்கலாம். 1942 முதல் 1945 வரை தீவை ஆண்ட ஜப்பானியர் கொண்டுவந்தது என்பார்கள். அவர்கள் போய்விட்டார்கள், நத்தை போகவில்லை. இலையில் காய்ந்து மினுங்கும் கோழைத் தடம்தான் அதன் கையெழுத்து. தென்னையோலை கத்தரியால் முக்கோணமாக வெட்டியதுபோல் இருந்தால், அது காண்டாமிருக வண்டின் வேலை. விரியாத குருத்துக்குள் துளைத்தபோது நடந்த குற்றம், ஓலை விரிந்த பிறகுதான் அம்பலமாகிறது. அந்த ஓலைக்கு மருந்தடிப்பது திருடன் போன பிறகு பூட்டுக்கு எண்ணெய் போடுவது. வண்டு முட்டையிடும் எருக்குழியையும் மக்கிய மரத்தையும் கவனிப்பதே புத்தி. கடற்கரை நாட்டு வாதுமை சிவந்து இலையுதிர்த்தால் எதையுமே கவனிக்க வேண்டாம். அது அதன் சுபாவம்.

“நீர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் செடி செத்துவிடும்” என்பார்கள். நியாயமான ஆட்சேபம்தான். தீவின் தக்காளி, கத்தரியைப் பிடிக்கும் பாக்டீரியா வாடல் அப்படிப்பட்டதே; இலை பச்சையாக இருக்கும்போதே செடி சாய்ந்துவிடும். ஆனால் அதைக் கண்டுபிடிப்பதும் பார்வைதான். தண்டை நறுக்கிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி படும்படி பிடித்தால், சில நிமிடத்தில் வெள்ளைப் புகைபோல ஒரு இழை கீழே இறங்கும். இறங்கினால் மருந்து தேட வேண்டாம். பிடுங்கி எரித்துவிட்டு, அடுத்த முறை சுண்டைக்காய் வேரில் ஒட்டுக்கட்டிய கத்தரியை நடலாம். மருந்துக்கடைக்கு ஓடியவருக்குத்தான் நேரம் வீண்.

“படம் எடுத்தால் கைபேசி சொல்லிவிடுமே” என்பது இன்னொரு கட்சி. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கேபிள் இழுத்துத் திறந்து வைத்தார்கள். ஹேவ்லாக்குக்கும் ஒரு கிளை வந்தது. அத்தனை தூரம் போய்வரும் படத்தில் இருப்பது ஓர் இலை. அது கொழுந்தா கீழிலையா, காற்று எந்தப் பக்கம், போன வாரம் எத்தனை மழை என்பதெல்லாம் படத்தில் விழாது. கேட்டால் சொல்ல வேண்டியவர் நாம்தான். பார்த்திருந்தால் அல்லவா சொல்லலாம்? சும்மா நிற்க முடியவில்லை, கை பரபரக்கிறது என்கிறவர்களுக்கும் வழி உண்டு. மண்வெட்டியை எடுத்து வடிகால் வெட்டலாம். அத்தனை மழை பெய்யும் ஊரில் எந்த நோயாக இருந்தாலும் வடிகால் கெடுதல் செய்யாது. வெட்டி முடிப்பதற்குள் முதுகு பிடித்துக்கொள்ளும், யூரியா மூட்டையைத் தூக்கத் தெம்பு இருக்காது.